லாபம், ரெண்டு, மூணு

சின்னையன் தன் தங்கைக்கு இரண்டு ஆட்டின் விலை கடன்பட்டிருந்தார். நாற்பத்தாறு வருடத்துக் கடன். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் அவரிடம் தினமும் கூலி வாங்குகிற ஒருவருக்கும் அது தெரியாது. அவருக்கே ஏறக்குறைய மறந்து போயிருந்தது.

"லாபம்..." என்று முதல் நோட்டை வைப்பார். வியாபாரி வாயில் 'ஒண்ணு' என்ற சொல் வராது. நெல் அளந்தாலும் சரி, தார் எண்ணினாலும் சரி, முதல் எண்ணிக்கை லாபம்தான். "ரெண்டு... மூணு..." என்று அடுத்த நோட்டுகள் விழும். ஏலம் ஓய்ந்த பிறகு, சருகும் கறையுமாகக் கிடக்கும் மண்டி நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பனியனின் உள்பையிலிருந்து நோட்டுக் கட்டை உருவி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எண்ணி வைப்பார். மேசையில் வைக்க மாட்டார். சட்டைப் பையில் செருக மாட்டார். போனில் அனுப்பச் சொல்லி மகன் நச்சரித்து ஓய்ந்துவிட்டான். "கண்ணுக்குத் தெரியாத காசு என்னடா காசு? கையில விழணும். வாங்குறவனுக்கும் தெரியணும், குடுக்குறவனுக்கும் வலிக்கணும்" என்பார்.

யாராவது விரலை மடக்கிக்கொண்டு கை நீட்டினால் கோபம் வரும். "நல்லா விரி. லட்சுமி வர்ற வாசல். பாதி சாத்தி வெச்சா எப்படி நுழைவா?"

நகக்கண்ணில் வாழைக்கறை ஏறி மை போல நிற்கும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது பேரனின் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம் என்று மருமகள் சொன்னால், "இதான் நான் வாங்குன டிகிரி, தேச்சா போகாது" என்று விரலை நீட்டிக் காட்டுவார். பூவன் தாரைச் சுண்டிப் பார்த்து, இது வெள்ளிக்கிழமை மஞ்சளாகும், அது ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் அப்படியே ஆகும். தொட்டியத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் லாரி பிடித்து வருகிற விவசாயிகள் அவர் கண்ணசைவுக்காக நிற்பார்கள். படித்தது நாலாம் வகுப்பு. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்கு மேல். இப்போதும் காசோலையில் பெயர் எழுதுவதற்கு முன் பேனாவை ஒரு உதறு உதறி, சுற்றியிருப்பவர்களை அமைதியாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

இப்படிப்பட்டவர்கள் பெருமை பேசினால் முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். பள்ளிக்கூடம் கைவிட்ட ஒருவன் நாற்பது வீட்டு அடுப்பு எரியக் காரணமானால் அவன் பேசத்தான் செய்வான். பேசாமல் இருப்பதற்கு அவனிடம் என்ன பட்டமா இருக்கிறது, சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருக்க?

அவருடைய பேச்சின் மூலதனம் ஒரே கதைதான். "எழுபத்தேழு வெள்ளம் வடிஞ்ச மறு வருஷம். மணப்பாறை பஸ்ஸுல வந்து ஜங்ஷன்ல இறங்குறேன். என்ன கொண்டாந்தேன்? இதான்." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். "வெறுங்கை! ஒத்தப் பைசா குடுத்தவன் கிடையாது. ஒரு ஆள் தோள் குடுத்தது கிடையாது." வருடா வருடம் அவர் மண்டி அச்சடிக்கும் காலண்டரிலும் அந்தப் படம்தான், சின்னையன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார், கீழே பன்னிரண்டு மாதங்கள் தொங்கும். மூட்டை தூக்கும் வீரமலை, முதலாளி முதுகைத் திருப்பியதும் அதே மாதிரி கையை விரித்துக் காட்டுவான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

திருவானைக்காவலில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெரிய மனிதர். விளையாட்டு விழாவுக்கு ஐம்பது தார் பழம் அனுப்புவார். மேடையில் நடு நாற்காலி. அந்த மேடைக்கு நேர் எதிரே சத்துணவுக் கூடம். விழா நாட்களில் அதன் வாசலில் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரு ஆயா நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னையன் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். கொடிக்கம்பத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், மாலையில் இருக்கும் பூவைப் பிய்ப்பார்.

அவள் பெயர் இருசம்மாள். அவருடைய கூடப்பிறந்த தங்கை.

சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு ஒரு புடவையும் ஒரு தார் பழமும் டிரைவர் கையில் போய்விடும். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் போனது. வந்தவள் இரண்டு பந்தியிலும் சாம்பார் வாளியோடு நின்றாள். சமையல்காரர் அழைத்து வந்த ஆள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்தவர்களை அவர் திருத்தவில்லை. காலண்டரில் கை விரித்து நிற்கும் மனிதரின் பக்கத்தில் சத்துணவு ஆயாவுக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவுக்கு ஆசீர் என்று ஒரு வாத்தியார். வரலாறு, பொருளியல், புவியியல், அரசியல் அறிவியல் நான்கும் சேர்ந்த அந்தப் பிரிவில் பதினெட்டுப் பேர். மற்ற பிரிவில் இடம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்கும் இடம் என்று பள்ளியிலேயே ஒரு பேச்சு உண்டு. ஆசீர் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இந்த வருடம் பிள்ளைகளுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத, உங்கள் ஊரில் நடமாடுகிற ஒருவருடைய வரலாற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். விதி இரண்டு. "ஒருத்தர் சொன்னா அது கதை. வேற ஒருத்தரும் சொல்லணும், அப்பதான் எழுதலாம்" என்பது முதல் விதி. எழுதியதைச் சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

சம்ரீனும் பிரான்சியும் சின்னையனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை மண்டிக்கு வந்தார்கள். சின்னையன் அவர்களுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாகச் சீண்டினார்.

"ஹிஸ்டரி குரூப்பா? ஏன்ம்மா, மார்க்கு கம்மியாப் போச்சா?"

"நானூத்தி அறுபத்தொண்ணு அய்யா. இந்தக் குரூப்பைக் கேட்டு வாங்கினேன்" என்றாள் சம்ரீன்.

"அடேங்கப்பா. செத்துப்போன ராஜாவைப் படிச்சு என்ன பண்றது?"

"உயிரோட இருக்குற உங்களைத்தான படிக்க வந்திருக்கோம்?"

சின்னையனுக்குப் பதில் பிடித்துவிட்டது. வீரமலையைக் கூப்பிட்டு இன்னொரு ரோஸ்மில்க் சொன்னார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். பஸ், ஜங்ஷன், பிளாட்பாரத்தில் படுத்தது, வாடகைச் சைக்கிளில் முதல் நான்கு தாரைக் கட்டிக்கொண்டு தென்னூர் வீதிகளில் கூவியது, எல்லாம். கைகளை விரித்தபோது பிரான்சி போனில் படம் எடுத்தாள். கிளம்பும்போது அவராகவே சொன்னார்:

"நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. எங்க ஊர்ல போய் யாரை வேணா கேளுங்க. சின்னையன் எப்படிப் போனான்னு கேளுங்க. சொல்லுவான்."

ஊர்க்காரன் எவனும் தன்னைக் குறைத்துச் சொல்ல மாட்டான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. பிள்ளைகள் மணப்பாறைப் பக்கம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கவா போகிறார்கள் என்ற தைரியமும் கூட.

பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும் பிரான்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது, அது இருசம்மா ஆயாவின் ஊர் அல்லவா? திங்கட்கிழமை இடைவேளையில் இருவரும் சத்துணவுக் கூடத்துக்குப் போனார்கள்.

"ஆயா, மண்டி சின்னையன் அய்யா உங்க ஊராமே. தெரியுமா?"

"நல்லாக் கேட்ட போ. கூடப் பொறந்ததைத் தெரியாமப் போவுமா? எங்க அண்ணன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னதை வாசித்துக் காட்டினார்கள். வெறுங்கை என்ற இடம் வந்ததும் ஆயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெறுங்கையோடவா? எவன் சொன்னான்? நாங்க என்ன நாதியத்தவங்களா, பொறந்தவனைப் பிச்சைக்கு அனுப்புற மாதிரி அனுப்புறதுக்கு? ரெண்டு ஆட்டை வித்து, இருநூத்தி எழுவது ரூவாயைத் துணியில முடிஞ்சு குடுத்து, கௌரவமா பஸ் ஏத்தி விட்டோம். எழுதிக்கங்க. எங்க அண்ணனைப் பத்தி எவனாச்சும் கேவலமாப் பேசுனா என்கிட்ட அனுப்புங்க."

"யாரு ஆடு ஆயா?"

"என் ஆடுதான். எட்டாவதோட எங்க ஊர்ல பள்ளிக்கூடம் முடிஞ்சுது. ஒம்பதாவதுக்கு மணப்பாறை போவணும், அங்க தங்கணும். அதுக்குன்னு வளத்தேன். அண்ணன் தை மாசம் தரேன்னுச்சு. யாவாரத்துல இருக்குறவங்களுக்குத் தை மாசம் எங்கடி வருது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "போங்க, பெல் அடிச்சுட்டாங்க."

அண்ணனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அவள் பருப்புக் கழுவப் போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளைகள் மண்டிக்கு மறுபடியும் வந்தார்கள். அரை நாள் விடுமுறை. கூலி பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. வீரமலையின் கை நீண்டிருந்தது. "லாபம், ரெண்டு, மூணு" வரை வந்திருந்தது.

"அய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் சம்ரீன். "நீங்க வெறுங்கையோட வந்தேன்னு சொன்னீங்க. இன்னொருத்தங்க இருநூத்தி எழுபது ரூபா கொண்டு போனீங்கன்னு சொல்றாங்க. ஆடு வித்த காசு. எதைப் போடுறது?"

பட்டுவாடா நின்றது. இருபது பேரும் திரும்பினார்கள்.

"யாரு சொன்னா?"

"எங்க ஸ்கூல் சத்துணவு ஆயா. இருசம்மா ஆயா."

"ஊருன்னா ஆயிரம் பேரு இருப்பான். எவளோ ஒரு சமையக்காரி சொன்னா எழுதிருவியா?"

"உங்க தங்கச்சின்னு சொன்னாங்க அய்யா."

வீரமலை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவளிடம் அவன்தான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். சின்னையன் அந்தப் பார்வையைக் கண்டார். காண வேண்டாம் என்று நினைத்தும் கண்டார். அந்தப் பார்வை இல்லாதிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பாரோ என்னவோ.

"எனக்குத் தங்கச்சியெல்லாம் கிடையாது" என்றார்.

பிரான்சி குனிந்து எழுதினாள்.

"என்ன எழுதுற?"

"நீங்க சொன்னதைத்தான் அய்யா."

பிள்ளைகள் போய்விட்டார்கள். சின்னையன் நோட்டுகளைப் பார்த்தார். எத்தனையில் விட்டோம் என்று தெரியவில்லை. மண்டி வைத்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கொடுத்த நோட்டுகளை வீரமலையின் கையிலிருந்து திரும்ப வாங்கி, "லாபம்" என்று மறுபடியும் ஆரம்பித்தார். வீரமலை அன்றைக்கு முதலாளியின் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

அம்மா மண்டபம் சாலையில் இருந்த தன் வீட்டுக்குப் போய், போட்ட சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். கூடத்தில் தொங்கிய காலண்டரை, ஆணி ஆடுகிறது என்று சொல்லிக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மருமகள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பார், கத்தினால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் ஏலம் முடியும் முன்பே மண்டியை மகனிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆசீரை மரத்தடிக்கு அழைத்து நேரடியாகப் பேரத்தில் இறங்கினார்.

"சார், ஸ்கூலுக்குத் தண்ணி டேங்க் வேணும்னீங்களே. ரெண்டா வெச்சுத் தரேன். அந்தப் பிள்ளைங்க எழுதினதுல ஒரு பாரா மட்டும் எடுத்துருங்க."

ஆசீர் கையிலிருந்த சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். "டேங்க் வேணும்ங்க. இல்லைன்னு பொய் சொல்லல. ஆனா பிள்ளைங்க விசாரிச்சு எழுதினதை நானே அழிச்சா, நாளைக்கு எந்த மூஞ்சியோட கிளாஸ்ல நிப்பேன்? இந்தக் குரூப்புக்கு வர்றதே பதினெட்டு பேரு."

"அப்ப நான் சொன்னது?"

"அதுவும் இருக்கும்ங்க. நீங்க சொன்னது ஒரு பக்கம், ஆயா சொன்னது ஒரு பக்கம். தங்கச்சியே கிடையாதுன்னு சொன்னீங்களாமே, அதுவும் அப்படியே இருக்கும். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

சின்னையன் குரலைத் தாழ்த்தினார். "அதை யாரு படிக்கப் போறா?"

"மொதல்ல ஆயாதான். சொன்னவங்ககிட்ட வாசிச்சுக் காட்டணும்ல? இப்பத்தான் சம்ரீனும் பிரான்சியும் நோட்டை எடுத்துக்கிட்டுப் போனாங்க."

எல்லா மேடைக்கும் மெதுவாக, ஊர் பார்க்க நடந்து போகிறவர் சின்னையன். அன்றைக்கு ஓடினார். அறுபத்தாறு வயதில், வேட்டியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினார். ஆறாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்து ஹோ என்று கத்தினார்கள். செருப்பு ஒன்று மண்ணில் கழன்று நின்றுவிட்டது.

இருசம்மாள் தரையில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தியிருந்த சம்ரீன் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக் கதை முடிந்து, பக்கம் திரும்பியிருந்தது. "இதுபற்றித் திரு. சின்னையனிடம் மறுபடி கேட்டபோது..." என்று ஆரம்பித்தவள், வாசலில் மூச்சு வாங்க நின்ற மனிதரைப் பார்த்து நிறுத்தினாள்.

ஆயாவின் முகம் மலர்ந்தது. "வாண்ணே! என்ன இப்படி வேர்க்குது? உள்ள வா. நீ வந்த பெருமையெல்லாம் எழுதுதுங்க இந்தப் பிள்ளைங்க. என்னையும் போட்டிருக்குதுங்க பாரு." பக்கத்திலிருந்த இன்னொரு சமையல் பெண்ணிடம் திரும்பி, "எங்க அண்ணன்" என்றாள். பிறகு சம்ரீனைத் தட்டினாள். "ஏன்டி நிறுத்திட்ட? வாசி. அண்ணன் என்ன சொல்லுச்சு?"

சம்ரீன் நோட்டைப் பார்த்தாள். சின்னையனைப் பார்த்தாள். அவள் வாசிக்கவும் இல்லை, நோட்டை மூடவும் இல்லை.

"இருசு" என்றார் சின்னையன். அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை காலமோ ஆகியிருந்தது. தொண்டையில் துருப்பிடித்த மாதிரி வந்தது. "கையை நீட்டு."

"என்னத்துக்கு?"

"ஆட்டுக் காசு."

ஆயாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. "அட, தை மாசம் வந்துருச்சாக்கும்? அன்னிக்கு வெலையா, இன்னிக்கு வெலையா?"

"இன்னிக்கு வெல."

"அப்ப வட்டி?" என்று கேலியாகக் கேட்டவள், அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவர் முகத்தில் கேலி பேசுகிற இடம் எதுவும் மிச்சமில்லை. கண்கள் அவளைப் பார்க்காமல் முட்டை ஓடு கிடந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நேத்து ஒரு பேச்சுப் பேசிட்டேன், இருசு. அந்தப் பிள்ளை கையில இருக்கு. அது வாசிக்கட்டும். நான் இங்கயே நிக்கிறேன். அதுக்கு மொதல்ல கையை நீட்டு."

இருசம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். விரல்களை மடக்காமல், நன்றாக விரித்தே நீட்டினாள். உள்ளங்கையில் முட்டை ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

சின்னையன் ஒற்றைச் செருப்போடு அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். பனியன் உள்பையிலிருந்து மண்டிக் கூலிக் கட்டை உருவினார். முதல் நோட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பழக்க தோஷத்தில் நாக்கு 'லா' என்று எழப் போய் நின்றது. பிறகு, அடுப்படியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினார்.

"ஒண்ணு."